தங்கச்சிக்கு அடிக்கும் தண்டவாளம்

சிகாமட் ஆறு பெருகி ரயில் பாதையை மூழ்கடித்ததே, அதற்குச் சில வருஷம் கழித்து நடக்கிறது இது. அந்த வெள்ளத்தில் என் வெள்ளாடு கூரை மேல் ஏறி நின்றது, அது வேறு கதை. இப்போது ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களை நிறுத்துகிறார்கள். வேலை போன சில தமிழ்க் குடும்பங்கள் இந்த மலையில் காட்டை வெட்டி மரவள்ளி நட்டிருக்கின்றன. கிழங்கு என் முழங்கைத் தடிமனுக்கு விளைகிறது. இந்த வழியாக மலையேறி வந்த கிழவன் நான், மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறேன்.

உச்சி வெயிலில் அஞ்சலை என்கிற பெண், மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைக் கம்பியால் அடிக்கிறாள். தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்கு அடிப்பார்களே, அதே சத்தம். என்னை அறியாமல் எழுந்து நிற்கிறேன்.

"ஏம்மா, இங்க ஏது பெரட்டு? துரை எங்க?"

"துரையா? கெழங்கத் தோண்டித் தின்னுட்டுப் போற காட்டுப்பன்னிதான் தாத்தா இங்க துரை!" என்று சிரிக்கிறாள். பிறகு சிரிப்பு நிற்கிறது.

"காலையில அடிக்கிறது எங்களுக்கு. இது என் தங்கச்சிக்கு. கூலாய் தோட்டத்துல இருக்கா, வரேன்னு சொன்னா. பாதை காடா மூடிப்போச்சு. இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்."

"வருவாளா?"

"மண்ணு இருக்கு, தண்ணி இருக்கு. ஆளுதானே இல்ல தாத்தா."

மறுபடி அடிக்கிறாள்.

கூலாய் வரை போக எனக்குக் காலில் தெம்பில்லை. நீங்கள் போனால் அவள் தங்கை காளியம்மாளிடம் சொல்லுங்கள். இந்த மலையடியில் ஓடுகிற ஓடையைத் தாண்டியதும் உச்சி வெயில் வரை நிற்கட்டும். சத்தம் வரும் பக்கம் நடக்கட்டும்.