உதிர்ந்த மொட்டு

இன்று காலை யன்னலோரம் தொங்கும் ஓர்கிட் செடியிலிருந்து ஒரு மொட்டு மஞ்சளாகி விழுந்தது. ஒரே ஒரு மொட்டுதான். அதற்கே தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

கண்டியில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், கூடப் படிப்பித்த ஸ்டெல்லாவும் நானும் அடுத்தடுத்த அறைகளில் வாடகைக்கு இருந்தோம். ஆளுக்கொரு ஓர்கிட் வாங்கினோம். ஈரத் தேங்காய் மட்டையும் கரியும் மணக்கும் அவளுடைய சட்டி, மே மாதம் வந்தால் ஊதாக் கொத்தாகப் பூத்து, கோயிலில் மாதாவின் காலடிக்குப் போகும். என்னுடையது இலை மட்டுமே விடும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் அல்லவா, மண்ணில்லாமல் செடியா என்று வேரையெல்லாம் நன்றாகப் புதைத்து வைத்திருந்தேன்.

"அப்படி என்னதான் போடுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஒன்னும் போடல டீச்சர். தொங்கவிட்டு, காலையில தண்ணி தெளிக்கிறேன். வேருக்குக் காத்து வேணும், அவ்வளவுதான்."

மறைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பூசை முடிவில் ஃபாதர் அவளுக்கு நன்றி சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலோடுதான் மாதாவுக்கு மெழுகுதிரியும் ஏற்றுவேன்.

ஒரு ஏப்ரல் விடுமுறையில் பன்விலைக்கு அம்மாவைப் பார்க்கப் போனவள், அறைச் சாவியை என்னிடம் தந்தாள். "மொட்டு வச்சிருக்கு. நீங்க இருக்கீங்கன்னு நிம்மதியா போறேன்."

அண்ணன் ஹந்தானைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த யூரியா என்னிடம் இருந்தது. ஒரு கைப்பிடி கரைத்து ஊற்றினேன். நிறையப் பூக்கட்டும் என்றுதான் ஊற்றுகிறேன் என எனக்கே சொல்லிக்கொண்டேன். உரம் கூடினால் கொழுந்து கருகும் என்பது தோட்டத்து லயத்தில் வளரும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாலைந்து நாளில் மொட்டெல்லாம் தரையில் கிடந்தன.

திரும்பி வந்த ஸ்டெல்லா ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "நீங்க பாத்தும் நிக்கலன்னா, இந்த வருசம் வெயில்தான் கூடிப்போச்சு" என்றாள். பார்த்துக்கொண்டதற்கு நன்றியாக, பிழைத்திருந்த ஒரு கன்றைப் பிரித்து மட்டைத் துண்டில் கட்டி என் கையில் தந்தாள். வாங்கிக்கொண்டேன்.

யன்னலில் தொங்குவது அதுதான். என் வீட்டு மாதாவுக்கு இப்போது பூவுக்குக் குறைவில்லை. மகளோடு இத்தாலிக்குப் போன ஸ்டெல்லா போன வருடம் அங்கேயே காலமானாள். நாங்கள் இருந்த வீட்டை இடித்து ஹோட்டல் கட்டிவிட்டார்கள். இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு கமரா இருக்கிறது; ஊருக்குப் போகிறவர்கள் யாரும் பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பதில்லை. கொடுத்தாலும், வாங்க என் கை நீளுமா தெரியவில்லை.