நெஞ்சில் நானே போட்ட கோடு

நுரையீரலில் கட்டி, புற்றுநோய்தான் என்று டாக்டர் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி: "இது வேற யாரோட ஸ்கேனாவது மாறி வந்துட்டிருக்குமா டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த என் மனைவி என் தொடையைக் கிள்ளினாள். ஆபரேஷன் தேவையில்லை, ரேடியேஷன் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் அவர். எங்கள் பக்கத்தில் அதற்குக் 'கரண்ட் வைப்பது' என்று பெயர். என் இரண்டாவது கேள்வி தானாக வந்துவிட்டது.

"நடுவுல கரண்ட் கட் ஆயிட்டா?"

இந்த முறை கிள்ளல் பலமாக விழுந்தது.

ஊருக்குள் நான் பேர்போன விகடன். கல்யாண வீட்டுப் பந்தியிலும் சிரிக்க வைப்பேன், சாவு வீட்டு வாசலிலும் சிரிக்க வைப்பேன். அந்த தைரியமெல்லாம் ஆரணி பஸ் ஸ்டாண்டு வந்து சேர்வதற்குள் ஆவியாகிவிட்டது. அன்று மாலையே மனைவியைச் சமையலறையில் நிறுத்தி, நான் இல்லாத காலத்தில் கேஸ் சிலிண்டரை எப்படி மாற்றுவது என்று கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். இருபது வருஷமாக எங்கள் வீட்டில் சிலிண்டர் மாற்றுவது அவள்தான். நான் ரெகுலேட்டரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

"நீங்க இருக்கிற காலத்துலயே இத தொடாதீங்க, சாமி" என்று பிடுங்கிக்கொண்டாள்.

ஆறு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, வேலூர் போய்வர வேண்டும். தொடங்குவதற்கு முன் ஒரு நாள் ஸ்கேன் எடுத்து, என் நெஞ்சின் நடுவில் ஒன்றும், அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொன்றுமாக, ஊதா மையால் மூன்று கூட்டல் குறி போட்டார்கள். கரண்ட் எங்கே விழ வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஏதோ விளக்கமாகச் சொன்னாள். சோப்பு போடாதீங்க, எண்ணெய் தடவாதீங்க என்பது வரை காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்னது காதில் விழுந்தும் மனசில் ஏறவில்லை. 'பரீட்சையில கூட நான் இத்தனை பிளஸ் வாங்கினது இல்லம்மா' என்ற ஜோக்கை மனசுக்குள் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். சொன்னேன். அவள் சிரித்தாள். அதற்கு நான் கொடுத்த விலை பின்னால் தெரிந்தது.

முதல் வாரம் சுகமாகவே போயிற்று. படுத்தால் பத்து பதினைந்து நிமிஷம், வலி இல்லை, சூடு இல்லை. 'இதுக்கா இவ்ளோ பயந்தேன்' என்று பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் அளந்துகொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். பட்டுச் சட்டை, மண்டபத்தில் ஆள் மேல் ஆள், ஊற்றுகிற வேர்வை, இரண்டு பந்தி விகடம். மத்தியானம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், பனியன் முழுக்க ஊதா. இடது பக்கக் குறியைக் காணோம். நடுக்குறியில் பாதிதான் மிச்சம்.

நாளைக்குக் கரண்ட் எங்கே விழும்? இதயம் பக்கத்தில்தானே இருக்கிறது? கல்லீரல் எந்தப் பக்கம்? ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். ஆனால் எனக்குத் தொழில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக அன்னமும் மாங்காயும் வரைந்து முப்பது வருஷமாகச் சோறு தின்கிறேன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதல் கோடு என் கையால்தான். ஒரு கூட்டல் குறி போட எனக்குத் தெரியாதா?

அறைக் கதவைச் சாத்தினேன். முதலில் கலர். மிச்சமிருந்த பாதிக் குறியைப் பார்த்தேன். கத்திரிப்பூவும் இல்லை, வாடாமல்லியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். நாலு பேனாவைத் தொடையில் கிறுக்கிப் பார்த்து, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டைப் பூசியதும் அச்சு அசலாக வந்தது. பிறகு ஸ்கேலை வைத்து, கண்ணாடியைப் பார்த்து, நடுக்குறியின் மிச்சத்தை முழுசாக்கி, இடது பக்கத்தில் அதற்கு நேர் மட்டத்தில் புதுக்குறி இழுத்தேன்.

"ஏங்க, கதவ சாத்திகினு உள்ள இன்னா பண்றீங்க?"

"அலங்காரம்!"

"மூஞ்சிக்கு அதெல்லாம் எடுபடாது, சாப்பிட வாங்க."

திங்கட்கிழமை மேஜையில் படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சுவரிலிருந்து பச்சை வெளிச்சக்கோடு வந்து நெஞ்சில் விழுந்தது. அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"அண்ணா, இத யாரு போட்டது?"

"நீங்கதாம்மா போட்டீங்க."

"எங்க கோடு இவ்ளோ நேரா இருக்காதேண்ணா."

நான் கூரையைப் பார்த்தேன். அவள் வெளியே போனாள். கனமான கதவு மூடிக்கொண்டது. மெஷினின் பெரிய தலை மெல்ல என்னைச் சுற்ற ஆரம்பித்தது. அப்போதுதான் குறி போட்ட அன்று அவள் சொன்ன மிச்சப் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது: 'குறி அழிஞ்சா எங்ககிட்ட வந்து சொல்லுங்க, நீங்களா வரையாதீங்க.'

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, நல்ல நுரையீரலைக் கருக்கிக்கொள்ளப் போகிறேன். ஏதாவது வேண்டுமென்றால் கையை ஆட்டுங்கள், கேமராவில் பார்த்துக்கொண்டிருப்போம் என்று சொல்லியிருந்தார்கள். பதற்றத்தில் பிடித்த கம்பியிலிருந்து கை வரவில்லை. அதனால் காலைத் தூக்கினேன். இரண்டையும். கயிலி என்ன கதி ஆயிற்று என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.

மெஷின் நின்றது. கதவு திறந்தது. அவள் ஓடி வந்தாள்.

"இன்னாண்ணா ஆச்சு? மூச்சு முட்டுதா?"

"நான்தாம்மா போட்டேன்! ஞாயித்துக்கிழமை, ஸ்கேல் வெச்சி! கரண்ட் வெச்சிட்டீங்களா?"

அவள் என் கயிலியைச் சரிசெய்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"இன்னும் வெக்கலண்ணா. எக்ஸ்ரே படம் எடுக்கத்தான் போனேன். அது சரியா வந்தாதான் கரண்ட்டே. நீங்க சொல்லலன்னாலும் படத்துல மாட்டியிருப்பீங்க. எப்படிப் போட்டீங்க, கைய தூக்கிகினா, தொங்கப் போட்டா?"

"தொங்கப் போட்டு."

"அதான். கைய மேல தூக்கினா தோல் இழுத்துக்கும். இடது பக்கம் நீங்க போட்ட குறி ரெண்டு விரல் மேல ஏறிக் கீது பாருங்க."

மருந்து கொடுக்காமலே எனக்கு வாய் கசந்தது. தறியில் இழுத்துக் கட்டிய துணியை அளந்தால் ஓர் அளவு, அறுத்து மடித்த பிறகு வேறு அளவு. இது தெரியாமல் யாராவது வந்தால் முகத்துக்கு நேராகச் சிரிக்கிற ஆள் நான். என் தோலும் துணிதான் என்று தோன்றவில்லை.

டாக்டர் வந்தார். படம் எடுத்தார்கள், மேஜையை நகர்த்தினார்கள், மறுபடி எடுத்தார்கள். என் ஓவியத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் புதுக்குறி போட்டார்கள். இடம் சரிதான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கரண்ட். அந்தப் பத்து நிமிஷமும் நான் ஒரு ஜோக்கைக்கூட யோசிக்கவில்லை. மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன், ஒழுங்காக, சின்னதாக. வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

வெளியே, அன்று துணைக்கு வந்திருந்த மனைவி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பிறகு வந்தவர்கள் பக்கத்து மெஷினில் முடித்துக்கொண்டு போயே விட்டார்களாம். அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கு நுனிக்கு வந்த விகடம் திரும்பிப் போய்விட்டது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், கால் தூக்கியது உட்பட.

அவள் திட்டவில்லை. தாழ்வாரம் என்றும் பார்க்காமல் என் சட்டைப் பொத்தானைக் கழற்றி, கண்ணைச் சுருக்கிக் குறியைப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"கோணலா கீதே."

"இதான் கரெக்டாம்."

"அப்போ இப்படியே இருக்கட்டும்" என்று பொத்தானைப் போட்டுவிட்டாள். "பஸ்ஸுக்கு டைம் ஆச்சி. வேகமா நடக்காதீங்க, வேர்க்கும்."