காற்று போகும்வரை காத்திருந்த தேசப்பன்

சென்ற வாரம் அனுப்பம்பட்டு ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது, என் பழைய மாணவி ரேவதி தொலைபேசியில் அழைத்தாள். "சார், நம்ம வேன் அண்ணா போயிட்டாரு" என்றாள். வந்த ரயிலில் நான் ஏறவில்லை. ஏரிக்கரை ஊரான தோணிரேவிலிருந்து எங்கள் பள்ளி வேனில் வந்து படித்தவர்களுக்கு ஓட்டுநர் தேசப்பனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் போன அந்த ஒரு காலையை மட்டும் எழுதுகிறேன்.

வேனுக்கு வருமுன் அவர் அந்த உப்புநீர் ஏரியில் படகு இன்ஜின்களைப் பழுது பார்த்தவர். "மனுசன் பொய் சொல்லுவான் சார், இன்ஜின் சொல்லாது" என்பார். சின்னச் சத்தம் கேட்டாலும் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். அவசரத்தில் இருக்கும் எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

அன்று வேனில் ரேவதியோடு சேர்த்து ஒன்பது மாணவிகள். பொன்னேரியில் தேர்வு, பத்து மணிக்கு. ஏழேகாலுக்குக் கிளம்பினோம். டச்சுக்காரர் கல்லறையைத் தாண்டிச் சிறிது தூரம் போவதற்குள் வெப்பம் காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. ஒரு சின்னப் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். பானெட்டைத் தூக்கியதும் ஆவி. நான் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். "தொடாதீங்க சார், மூஞ்சி வெந்துடும்!" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

ஆற வேண்டும். கடிகாரம் ஆறவிடவில்லை. எங்களைக் கடந்த பேருந்தில் கால் வைக்க இடமில்லை, நிற்காமல் போய்விட்டது. ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். ரேவதிக்கோ கோபம்.

"அண்ணா, படகுல போயிருந்தாக்கூட இந்நேரம் போய்ச் சேந்திருப்போம்."

"பொன்னேரி வரைக்கும் ஏரிய வெட்டிக் குடு தாயி, வரேன்" என்றார் தேசப்பன். சிரிக்கவில்லை. அவர் முகத்தில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் மாலை தண்ணீர்க் குழாய் ஒன்று கசிந்ததால் புதிதாக மாற்றியிருந்தார். தண்ணீரை நிரப்பி மூடியிருந்தார். படகு இன்ஜின் என்றால் அது போதும். அது ஏரித் தண்ணீரை உறிஞ்சிச் சூட்டோடு வெளியே துப்பிவிடும். இடையில் காற்று இருந்தால் அதுவும் கூடவே போய்விடும். வேனில் அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். உள்ளே மாட்டிய காற்றுக்கு வழியில்லை. வாய் குறுகிய புட்டியைத் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள், குளுக் குளுக்கென்று காற்று வெளியேறினால்தான் தண்ணீர் உள்ளே போகும். கழுத்துவரை நிறைந்ததுபோலத் தெரிந்த ரேடியேட்டருக்கு அப்பால், இன்ஜின் காய்ந்து கிடந்திருக்கிறது.

வண்டியைத் தள்ளச் சொன்னார். காற்று மேலேறி ரேடியேட்டர் வாய் வழியே வெளியேற, முன்பக்கம் உயர்ந்து நிற்கும்படி பாலத்தின் ஏற்றத்தில் எல்லோருமாக ஏற்றினோம், பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். நண்டு பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் இரக்கப்பட்டு ஒரு வாளி ஏரித் தண்ணீர் கொண்டு வந்தார். "வேணாம் நைனா, உப்பு இன்ஜினைத் தின்னுடும்" என்று மறுத்துவிட்டார். பிள்ளைகளின் குடிதண்ணீர்ப் புட்டிகள் ஒன்பதும் வரிசையாக வந்தன.

கை வைக்கும் அளவுக்கு ஆறியபோது மணி எட்டரை. துணியைப் போட்டு மூடியை மெல்லத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, மேல் குழாயை விட்டு விட்டு அழுத்தினார். குமிழிகள் வந்தன. நின்றன. "போதும் தேசப்பன், கிளம்புங்க" என்றேன்.

"இன்னும் வரும் சார்."

"மணி ஒன்பதாகப் போவுது!"

"அதனாலதான் சொல்றேன். இப்பக் கிளம்புனா பாதி வழியில நிப்போம்."

நான் கத்தியதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். அவர் குழாயை அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் ஏப்பம் விட்டதுபோல ஒரு பெரிய குமிழி. தண்ணீர் ஒரு சாண் கீழே இறங்கியது. கடைசிப் புட்டியை ஊற்றி மூடினார். வழி நெடுக முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது பாதியைத் தாண்டவில்லை.

பத்து நிமிடம் மிச்சமிருக்கையில் தேர்வு மையத்து வாசலில் இறங்கினோம். பெண்கள் உள்ளே ஓடினார்கள். அங்கே காத்திருந்த ஒரு மாணவியின் தகப்பனார் என் மீது பாய்ந்தார். "இன்னா சார், விளையாட்டா இது? புள்ளைங்க வாழ்க்கை!" நான் அவசரமாக, "பழைய வண்டிங்க, வழியில கோளாறு" என்றேன்.

பின்னால் நின்றிருந்த தேசப்பன் முன்னே வந்தார். வேலையே போகக்கூடும் என்று அவருக்குத் தெரியும்.

"வண்டி மேல போடாதீங்க சார். நேத்து நான்தான் காத்தை எடுக்காம மூடிட்டேன். தப்பு என்னுது."

தகப்பனார் அவரையே பார்த்தார். ஓங்கிய குரல் இறங்கிவிட்டது. "திரும்பிப் போறப்பவாச்சும் பாத்துப் போப்பா" என்று மட்டும் சொன்னார்.

அதுவரை நான் கரும்பலகையில் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டால், பிள்ளைகள் கவனிக்குமுன் கையாலேயே அழித்துவிடுவேன். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை அழிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வரியில நான் தப்பு பண்ணிட்டேன்" என்று வகுப்பைப் பார்த்துச் சொல்லுவேன். தேசப்பனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தத் தப்பு என்னுடையது.