எண்பது என்றே காட்டியது

என் கணவரின் வலது கால் நன்றாக இருந்த கடைசி நாள், போன வருஷம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை. அன்று நாங்கள் ஒன்றும் பெரிய காரியம் செய்துவிடவில்லை. ரவுண்ட் ராக் ஊரில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த ட்ரெய்லரின் நான்கு டயர்களுக்கும் காற்றழுத்த சென்சார் மாட்டினோம். நெல்லிக்காய் அளவில் ஒரு மூடி, அவ்வளவுதான். காற்றடிக்கும் வால்வின் மேல் அதைத் திருகிவிட்டால், வண்டி ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கும் சின்னத் திரையில் எந்த டயரில் எவ்வளவு காற்று என்று எண் வந்து நிற்கும். காற்று இறங்கினால் கத்தும். அரை மணி நேர வேலை என்று பெட்டியில் போட்டிருந்தான். எங்களுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது.

ட்ரெய்லர் அவருடைய ஆசை. உள்ளே கட்டில், அடுப்பு, ஒரு ஆள் திரும்ப முடியாத குளியலறை எல்லாம் வைத்த வீடு. டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். ஐம்பத்து நான்கு வயதில் அவரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். இன்னொரு வேலை தேடமாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக இந்த நாட்டில் பார்க்கிங் லாட்டைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை, இனிமேல் மலையும் ஏரியும் பார்க்கப்போகிறேன் என்றார். எனக்குச் சக்கரத்தின் மேல் படுத்துத் தூங்குவதில் இஷ்டமில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தனை நீள ட்ரெய்லரை ஒரே தடவையில் ரிவர்ஸ் எடுத்து, குப்பைத் தொட்டியைக்கூட உரசாமல் வாசலில் நிறுத்தினார். எதிர்வீட்டுக்காரர் புல்வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். இவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று எனக்கும் தோன்றியது.

டயர்க் காற்றை வெயில் ஏறுவதற்கு முன் அளக்க வேண்டும், சூடேறினால் எண் கூடிவிடும் என்று வீடியோ பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார். காலையில் ஆரம்பித்துவிடலாம் என்றார். நான்தான் விடவில்லை. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். பூஜை போடாத வண்டியில் முதல் வேலையை ராகு காலத்திலா தொடங்குவது? அடுத்த நாளைக்குத் தள்ளவும் வழியில்லை. இரண்டு நாளைக்கு மேல் ட்ரெய்லர் வாசலில் நின்றால் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அதை வாடகை நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் விட்டாக வேண்டும். ஆகவே பத்தரை மணி தாண்டியதும் கராஜ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் இறங்கினோம். சந்தனம், குங்குமம், சூடம், தேங்காய், சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம். எல்லாம் முறைப்படி.

பூஜை முடிந்த கையோடு வேலையை ஆரம்பித்தோம். செருப்பு கராஜிலேயே கிடந்தது. பத்து நிமிஷத்துக்குள் எனக்கு வாசல் காங்கிரீட்டில் கால் வைக்க முடியவில்லை. குதித்துக் குதித்து ஓடிப்போய் என் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன். அவர் பின்சக்கரத்தின் முன்னால் வெறுங்காலோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். செருப்பு எடுத்து வரட்டுமா என்று கேட்டேன்.

“கோபியில செருப்பில்லாம பள்ளிக்கூடம் போன காலு இது. இதெல்லாம் ஒரு வெயிலா?” என்றார்.

“உங்களுக்கு எருமைத்தோலுங்க,” என்றேன்.

சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சென்சாரைத் திரையோடு சேர்த்துவைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிரக்கில் உட்கார்ந்து திரையின் பொத்தானை அழுத்தி எந்தச் சக்கரம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அது கீச்சென்று ஒலி கொடுத்ததும் மற்றவர் அந்தச் சக்கரத்தில் சென்சாரைத் திருக வேண்டும். திரை என் கையில் இருந்தது. அவர் திருகப் பார்த்தார். மூடி மரையில் உட்காரவில்லை. கோணலாக ஏறியது, கழற்றினார், கீழே விழுந்து ட்ரெய்லருக்கு அடியில் உருண்டது. இன்னொரு தடவையும் அப்படியே. முப்பது வருஷம் சர்க்யூட் போர்டில் வேலை பார்த்த விரல்கள்.

“நீ வந்து திருகு. உன் விரல் சின்னது,” என்றார்.

செல்லமாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நாலு மூடியையும் நானே திருகினேன். அவர் திரையை வாங்கிக்கொண்டு டிரக் கதவைத் திறந்து வைத்து, பொத்தானை அழுத்தியபடி வெயிலில் நின்றார். நான்கு கட்டத்திலும் எண்பது என்று வந்தது. அந்த டயருக்குச் சரியான அளவு அது. முடிந்தது, சாப்பிடலாம் என்றார்.

அங்கேயே முடித்திருக்க வேண்டும். ஆனால் எனக்குச் சம்பளம் கொடுப்பதே நம்பாமல் இருப்பதற்காகத்தான். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. பச்சை விளக்கு எரிகிறது என்று எவனாவது வந்து சொன்னால், பல்பைக் கழற்றிவிட்டும் எரிகிறதா என்று பார்க்கிறவள் நான். இருப்பதை இருக்கிறது என்று எந்த மெஷினும் சொல்லும். இல்லாததை என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அவரிடம் சொல்லாமல் இடது பின்சக்கரத்து சென்சாரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இப்போது எவ்வளவு என்று குரல் கொடுத்தேன்.

“எண்பது,” என்றார்.

ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி கேட்டேன். எண்பது. மூடி என் கையில் இருக்கிறது, திரை எண்பது காட்டுகிறது. பின்சக்கரத்துக்கும் டிரக்குக்கும் நடுவே தூரம் அதிகம், ஒரு தடவை எட்டிய சிக்னல் மறுபடி எட்டவில்லை. எட்டாவிட்டால் அந்தத் திரை எட்டவில்லை என்று சொல்லாது. கடைசியாகத் தெரிந்த எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும். சிக்னலை வாங்கி முன்னால் அனுப்ப ஒரு சின்னப் பெட்டியையும் கூடவே கொடுத்திருந்தான். அது தேவைப்படாது என்று இவர் ஒதுக்கி வைத்திருந்தார். அதை மாட்டினால்தான் ஆயிற்று என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ட்ரெய்லரின் முன் நுனியில் பேட்டரி இருக்கும் இடத்தில், இடது கால் ட்ரெய்லர் நிழலிலும் வலது கால் வெயிலிலுமாக அவர் நின்று ஒயர் இணைத்தார். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. மறுபடி சென்சாரைக் கழற்றியதும் திரை அலறியது. எனக்கு ஏக பெருமை. அவரை அந்த காங்கிரீட்டில் கூடுதலாக ஒரு மணி நேரம் நிற்க வைத்தது நான். யாரும் என்னிடம் இதைச் சொல்லிக்காட்டியதில்லை. எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் சமையலறை டைல்ஸில் ஈரக் காலடி தெரிந்தது. ஒற்றைக் கால் மட்டும். கால் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்துத் துணி போட்டுத் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஷூ போட்டுக்கொண்டு ட்ரெய்லரை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, விசிலடித்துக்கொண்டே வந்தார். திங்கட்கிழமையும் துடைத்தேன். புதன்கிழமை ஒரு வாடை வந்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று கராஜ் முழுக்கத் தேடினேன். அது அவருடைய ஷூவிலிருந்து வந்தது. சாக்ஸை உருவியபோது அதோடு சேர்ந்து உள்ளங்கால் தோலும் வந்தது. அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். எது என்று திருப்பிக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி. காலில் உணர்ச்சி இல்லாமல் எவ்வளவு நாளாக? இரண்டு வருஷமாக என்று இவர் ஆங்கிலத்தில், ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிற அதே குரலில் சொன்னார். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை இருப்பது தெரியும், மாத்திரை எடுத்துக் கொடுப்பதே நான்தான். சர்க்கரை கால் வரை போனதும், விரல் நுனி மரத்துப்போனதும் எனக்குத் தெரியாது. ஒரே கட்டிலில் படுக்கிறவள். டாக்டர் வெளியே போனதும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அழுகையைவிட எனக்குக் கோபம்தான் அதிகமாக வந்தது.

“சொல்லியிருந்தா வண்டி வாங்க விட்டிருப்பியா?” என்றார்.

விட்டிருக்க மாட்டேன். 

ஆகஸ்டில் விரல்களை எடுத்தார்கள். புண் நிற்கவில்லை. செப்டம்பரில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஊரிலிருந்து போன் பண்ணிய சொந்தக்காரர்கள், பட்ட காலிலே படும் என்று ஆளாளுக்குச் சொல்லி உச்சுக் கொட்டினார்கள். பட்டதே தெரியாத காலுக்கு ஒரு பழமொழியும் அவர்களிடம் இல்லை.

இப்போது செயற்கைக் கால் வைத்து வீட்டுக்குள் நடக்கிறார். அந்த ட்ரெய்லர் இன்னும் நிறுத்துமிடத்தில் வெயில் காய்கிறது. திரை சமையலறை டிராயரில் கிடக்கிறது. மனுஷன் ஆசையை விடவில்லை. வலது கால் இல்லாதவர்கள் இடது காலால் ஓட்டுவதற்கு, ஆக்ஸிலரேட்டரை பிரேக்குக்கு இடது பக்கம் மாற்றி வைக்கிறார்கள். பழக்கிக் கொடுக்கவும் ஆள் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டு அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கிவிட்டார் இவர். இடது கால் நன்றாக இருக்கிறது, அதில் எல்லாம் தெரிகிறது என்று தினமும் சொல்கிறார். காலையில் காபி ஆனதும் ஒரு கைக்கண்ணாடியை அடியில் பிடித்து, அந்த உள்ளங்காலை விரல் இடுக்கு விடாமல் நான் பார்க்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பேச்சு ஆயிற்று. இடது காலைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதில் உணர்ச்சி இருந்தால் டிரக் சாவியை அவரிடம் கொடுத்துவிடுவேன், ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டேன். இல்லையென்றால் ட்ரெய்லரை விற்றுவிட வேண்டும், அவரும் மறுத்துப் பேசக்கூடாது. எப்படிச் சோதிப்பது என்று ரிச்சர்ட்சன் ஊரில் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் போனில் ஆங்கிலத்தில் விளக்கினாள். அப்பா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், நான் ஒவ்வொரு விரலையும் விரல் நுனியால் லேசாகத் தொட்டுக் கேட்க வேண்டும், அழுத்தக்கூடாது.

போன சனிக்கிழமை, பத்தரை தாண்டியதும், சோபாவில் அவர் காலை நீட்டிக்கொண்டார். நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். சாவி டீப்பாய் மேல் இருந்தது. அவரே எடுத்து வந்து வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டார். சவரம் செய்து, வெளியே போகிற சட்டை போட்டிருந்தார்.

கட்டைவிரலைத் தொட்டு, “இப்ப?” என்றேன்.

“தெரியுது.”

சுண்டுவிரலைத் தொட்டேன். தெரியுது என்றார். நடுவிரல், குதிகால், உள்ளங்காலின் குழி. கேட்ட உடனே, ஒன்றுக்கும் தயங்காமல், தெரியுது, தெரியுது என்றார். உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. கடவுளே, இந்தக் காலையாவது விட்டுவைத்தாயே என்று நினைத்தேன். சாவியைப் பார்த்தேன். எடுத்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. இத்தனை வருஷம் நம்பாமலே பிழைத்த புத்தி விடவில்லை.

“இப்ப?” என்றேன்.

“தெரியுது.”

இன்னொரு முறையும் கேட்டேன். என் கைகள் இரண்டும் என் மடியில் இருந்தன.

“அதான் தெரியுதுன்னு சொல்றேன்ல,” என்றார், கண்ணைத் திறக்காமல்.