முதலில் மோனிகாவுக்குத்தான் சொன்னான்

கௌரிசங்கர் மாநில நாடாளுமன்றத்துக்கு நிற்கப்போகிறானாம். பென்டில் ஹில்லில் மளிகைக்கடை வைத்திருக்கும் பவளம் அன்ரி, யாரோ சொன்னதாகக் கதிர்காமநாதனிடம் சொன்னார்.

“உங்கட ஆள்தானே. உமக்குத் தெரியாதே?”

“ஓம் ஓம், தெரியும்.”

தெரியாது. முருங்கைக்காயை எடுத்த கை அப்படியே நின்றது.

இருவரும் வேலை செய்த குளிர்க்கிடங்கில் நிர்வாகம் ஓய்வு நேரத்தை வெட்டியபோது, முதலில் கையுறையைக் கழற்றி எறிந்து வேலையை நிறுத்தி உட்கார்ந்தவர் கதிர்காமநாதன். பிறகுதான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். ஆனால் வாசலுக்கு டிவிக்காரர்கள் வந்ததும் கௌரிசங்கரை முன்னுக்குத் தள்ளிவிட்டார். “நீ கதை தம்பி. என்ர இங்கிலீஷுக்குச் சிரிப்பாங்கள்.”

அவ்வளவுதான். அன்றைய செய்தியில் அவன் முகம். பிறகு தொழிற்சங்கத்தில் பதவி, அலுவலகம், கழுத்தில் டை. கதிர்காமநாதன் இன்னமும் இரண்டு சோடி காலுறையோடு அதே குளிருக்குள். கூட வேலை செய்யும் மோனிகா போலந்துக்காரி. அவள் ஊர்க் கப்பல் கட்டும் தளத்து எலெக்ட்ரீஷியன் ஒருவர் வேலைநிறுத்தம் நடத்தியே பின்னாளில் நாட்டின் ஜனாதிபதி ஆனாராம். அதைச் சொன்னபோதும் அவள் பார்த்தது கௌரிசங்கரைத்தான்.

திங்கட்கிழமை அவளிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தார். அவளுக்கு எப்போதோ தெரியுமாம். கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து சொன்னானாம்.

அதுதான் சுட்டது. நல்ல காரியத்தை வேண்டியவர் வீட்டுக்குப் போய்ச் சொல்வதல்லவா முறை? கடையில் கேள்விப்படவா விடுவது?

ஞாயிற்றுக்கிழமை கட்சிக் கிளையில் வாக்கெடுப்பு. போட்டியிடும் இரண்டு பேரில் வெல்பவர்தான் கட்சியின் வேட்பாளர். கிளையிலுள்ள தமிழர்களையெல்லாம் சேர்த்துவிட்டவர் கதிர்காமநாதன். அவர் போகாவிட்டால் அவர்களும் போகமாட்டார்கள். கௌரிசங்கர் தோற்றுவிடுவான்.

“உங்களுக்குப் பொறாமை,” என்றாள் மனைவி கமலினி, அவர் போகப்போவதில்லை என்றதும்.

“பொறாமையோ? முறையெண்டு ஒண்டு இருக்கு.”

“முறையாம்! குளிக்கேக்க டிவிக்காரருக்குப் பேட்டி குடுக்கிறியள். எனக்குக் கேக்குது.”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. குளியலறையில் அவருடைய ஆங்கிலத்துக்கு யாரும் சிரிப்பதில்லை.

ஞாயிறு மத்தியானம், கூட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது மேசையில் கிடந்த போன் அடித்தது. கௌரிசங்கர்.

“எடுங்கோவன்!” குசினியில் சமைத்தபடியே கமலினி கத்தினாள்.

எடுத்தால் “அண்ணை” என்பான். அந்த ஒரு சொல்லுக்கே தன் மனம் இளகிவிடும் என்று அவருக்குத் தெரியும். கதிரையைப் பின்னுக்கு இழுத்து, போனைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

அது அடித்துக்கொண்டே இருந்தது.