கண்ணாடிப் பெட்டிக்குள் ஊத்தா

என் வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமைதான் வார லீவு. எழுபதுகளில் மின்சாரம் போதாமல், அம்பத்தூர் எஸ்டேட்டில் பகுதிக்கு ஒரு கிழமை என்று விடுமுறை பிரித்து விட்டிருந்தார்கள். அவர் லேத் ஓட்டிய பட்டறைக்கு வெள்ளி விழுந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து வெளியே போனது நாலைந்து தடவைதான் இருக்கும்.

நான் பூந்தமல்லியில் வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு முறை எங்களைப் பட்டணத்துப் பெரிய மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பார்த்த திமிங்கலத்தின் எலும்புக்கூடு என் தலைக்குள்ளேயே இருந்தது. அதை அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. அப்போதெல்லாம் மிருகக்காட்சிசாலைக்கு உயிர் காலேஜ் என்றும் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும் பெயர்.

"லீவு நாள்ல செத்ததையெல்லாம் போயி பாக்கணுமா?" என்றார்.

இரண்டு மாதம் நச்சரித்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். புளிச்சோறு கட்டிக்கொண்டேன். ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, வெயிலில் நடந்தே போய்ச் சேர்ந்தால் கேட் பூட்டியிருந்தது. வாசலில் வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழம லீவும்மா. தெரியாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்றைக்கும் யாராவது மியூசியத்துக்குப் போகிறேன் என்றால் நான் முதலில் சொல்வது, எந்தக் கிழமை மூடுவார்கள் என்று விசாரித்துக்கொண்டு போ என்பதுதான். ஞாயிறு மட்டும்தான் லீவு என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடலைக்காரரே வழி சொன்னார். நாலு தெரு தள்ளி, பழைய பங்களாவில் சின்னதாக இன்னொரு மியூசியம் இருக்கிறது, ஆள் அதிகம் போவதில்லை, இன்றைக்குத் திறந்திருக்கும் என்றார். பிற்பாடு அந்த பங்களாவை இடித்துவிட்டார்கள்.

உள்ளே இரண்டு பெரிய அறைகளும் ஒரு தாழ்வாரமும்தான். காக்கிச் சட்டை போட்ட காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எங்களைத் தவிர யாருமில்லை. முதல் அறையில் இருந்த ஒவ்வொரு அட்டையையும் எழுத்து விடாமல் படித்தேன். வாள், பீங்கான், நாணயம், ஓலைச்சுவடி. அரைமணி நேரத்தில் கால் கடுத்தது. எதைப் பார்த்தேன் என்று கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை. அது தப்பான முறை. ஒரு அறையில் மூன்று பொருளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாலே போதும், மீதியை விட்டுவிடலாம்.

அவர் எதையும் படிக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, போகிற போக்கில் பார்த்தபடி இரண்டாவது அறைக்குப் போய்விட்டார். நான் போனபோது ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் அசையாமல் நின்றிருந்தார்.

உள்ளே மூங்கில் சிம்பில் பின்னிய கூடை ஒன்று. வாய் அகலம், அடி குறுகல். மரச் சட்டத்தில் பொருத்தி நிறுத்தியிருந்தார்கள். 'தானியக் கூடை' என்று அட்டை சொன்னது.

"இன்னாங்க, கூடையைப் போயி இப்படிப் பாக்கறீங்க?"

"கூடை இல்லமே இது. ஊத்தா. மீன் புடிக்கறது. தலகீழா வெச்சிகீறாங்க." விரலால் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார். "அதுக்கு அடியே கெடையாது. இதுல தானியம் போட்டா எங்க நிக்கும்?"

"அவருகிட்ட சொல்லுங்க."

"நமக்கு இன்னாத்துக்கு? வா போலாம்."

எனக்கு வாய் நிற்காது. காவலாளியிடம் போய் நானே சொன்னேன். அவர் சிரிப்பார் அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து, குனிந்து, சட்டத்துக்குள் எட்டிப் பார்த்தார். "ஆமாம்மா, அடி இல்ல. பன்னெண்டு வருஷமா தொடைக்கறேன், பாக்கவே இல்ல" என்று சொல்லி உள்ளே போய் ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார். நாற்பது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடி, கையில் மை. அங்கே பொறுப்பு அவருக்குத்தான்.

"யார் பார்த்துச் சொன்னது?"

நான் வீட்டுக்காரரைக் கை காட்டினேன். அவர் என்னை முறைத்தார். அந்த அம்மா சாவி எடுத்துப் பெட்டியைத் திறந்து, கூடையை வெளியே எடுத்து அவரிடம் நீட்டினார்.

"எப்படின்னு காட்டுங்களேன்."

வாங்குவதற்கு முன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். குறுகின பக்கத்தைப் பிடித்து, அகலமான வாயைத் தரையைப் பார்க்கத் திருப்பினார். பிறகு லேசாகக் குனிந்து, ஒரு எட்டு வைத்து, தரையில் பொத்தினார். தூக்கி இன்னொரு எட்டு. பொத்தினார். அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. முழங்கால் தண்ணீருக்குள் நடக்கிறவரைப் போலக் காலை மெதுவாக இழுத்து வைத்தார்.

"மீன் மாட்டிச்சினா பக்கத்துல முட்டும். கைக்குத் தெரியும். அப்பறம் மேல ஓட்ட வழியா கைய வுட்டு எடுக்கறது."

"பாம்பு மாட்டினா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"பாம்பும் முட்டும்மா. அது வேற மாதிரி முட்டு."

காவலாளி உரக்கச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார். எந்த மாதத்தில், எவ்வளவு ஆழத்தில், என்ன மீன் என்று கேட்டுக்கொண்டே போனார். என் வீட்டுக்காரரும் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், "உங்க பேரு, ஊரு சொல்லுங்க, அட்டையில போடறேன்" என்று அந்த அம்மா கேட்டதும், இவர் ஊத்தாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பேரெல்லாம் வாணாம்மா. செம்பரம்பாக்கம் பக்கம்னு போட்டுக்கோங்க."

வெளியே வேப்பமரத்தடியில் புளிச்சோற்றைப் பிரித்தேன். ஏன் பெயர் சொல்லவில்லை என்று கேட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு சொன்னார்.

அவர் வீட்டில் எல்லோரும் ஏரிப் பாசன வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். கோடையில் ஏரி வற்றும்போது ஊத்தாவோடு இறங்குவார்கள். மீன் குத்தகைக்குப் போனபிறகு யாரும் இறங்கக் கூடாது என்றாகிவிட்டது. பதினெட்டு வயதில் அவர் ஒரு நாள் காலை இறங்கியிருக்கிறார். குத்தகைக்காரரின் ஆட்கள் பிடித்துக் கரையில் உட்காரவைத்து, ஊரார் பார்க்க, அவர் கையாலேயே அந்த ஊத்தாவை ஒவ்வொரு சிம்பாக ஒடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கடுத்த மாதமே ஐயப்பன்தாங்கலில் இருந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாராம். அங்கிருந்துதான் பட்டறை வேலை.

"இங்க பாத்தா அதயே கண்ணாடி போட்டு, பூட்டு போட்டு வெச்சிகீறாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே விளங்காத ஆச்சரியமாக இருந்தது.

அவரைப் பேசாத மனுஷன் என்று என் அம்மாவிடம் எத்தனை முறை குறை சொல்லியிருப்பேன். என் பங்கு அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.

அடுத்த வெள்ளியும் போகலாமா என்று கேட்டது அவர்தான்!

அதற்கப்புறம் நாங்கள் நிறைய மியூசியங்கள் பார்த்தோம். அவர் ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டு, திமிங்கலத்தையும் பார்த்தாயிற்று. எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. காலையில் திறந்ததும் போய்விடுவார். வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு, கையில் பை எதுவும் இல்லாமல். முதலில் காவலாளியிடம் நாலு வார்த்தை பேசுவார். எதை ஜனங்கள் அதிகம் கேட்கிறார்கள், எதை யாரும் பார்ப்பதே இல்லை என்று கேட்பார். யாரும் பார்க்காததைத்தான் முதலில் போய்ப் பார்ப்பார். பிறகு தன் கைக்குப் பழக்கமான சாமான் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவார். பூட்டோ, உளியோ, திருகோ அகப்பட்டால் அந்த அறையை விட்டு வரமாட்டார். நான் வெளியே பெஞ்சில் காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

அந்தச் சின்ன மியூசியத்துக்கு மறுபடி போனபோது ஊத்தா வாய் கீழாக உட்கார்ந்திருந்தது. அட்டை புதிது. 'ஊத்தா. ஏரியிலும் வயலிலும் தேங்கிய நீரில் மீன் பிடிக்க. செம்பரம்பாக்கம் பக்கத்தவர் சொன்னது.' அவர் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். "சரியாத்தான் எழுதிகீறாங்க" என்றார்.

அந்த அம்மா எங்களை உள்ளே சாமான் வைக்கும் அறைக்குக் கூட்டிப்போனார். பெயர் தெரியாமல் கிடந்த மூன்று பொருட்களை மேஜையில் பரப்பினார். முதலாவது மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாய் என்று என் வீட்டுக்காரர் உடனே சொல்லிவிட்டார். இரண்டாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கயிறு முறுக்குகிற கட்டை என்றார். மூன்றாவது கைப்பிடி வைத்த ஏதோ ஒரு மரத்துண்டு, நடுவில் ஒரு துளை. ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், என்னிடமும் கொடுத்துப் பார்த்தார்.

"தெர்லம்மா" என்றார்.

அந்த அம்மா அதையும் எழுதிக்கொண்டார்.