சுலோஜனா முழுசாக்கிய ஆறு வீடுகள்

ஜேர்மனியின் வுப்பர்டாலில் செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றில் சுலோஜனாவுக்குப் பதினெட்டு வருட வேலை. பல் என்றால் வெள்ளை என்று நினைப்பவர்களை அவளுக்குக் கட்டோடு பிடிக்காது. கோப்பி குடிப்பவரின் பல்லுக்கு ஒரு மஞ்சள், சிகரெட் பிடிப்பவருக்கு இன்னொரு மஞ்சள், அறுபது தாண்டியவருக்கு ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் என்று மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு வைப்பாள். வாய்க்குள் போனபின் எது சொந்தப் பல், எது சுலோஜனாவின் பல் என்று பல்லுக்குரியவருக்கே தெரியாது.

இந்தக் கையைப் பார்த்துத்தான் பக்கத்து மேசைக்காரி பீர்கிட் அவளை இழுத்துவிட்டாள். பீர்கிட் வியாழக்கிழமைகளில் ஒரு சங்கத்துக்குப் போவாள். பேரப்பிள்ளை கண்ட மனிதர்கள் பெரிய மேசையைச் சுற்றி நின்று, சுண்டுவிரல் உயரப் படைவீரர்களை நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை பிடிக்கும் சங்கம் அது. சண்டைக்கு ஊர் வேண்டும், ஊருக்கு வீடு வேண்டும். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, நிறம் தீட்டி அந்த வீடுகளைச் செய்ய வேண்டும்.

“சனிக்கிழமை வெளியூர்ச் சங்கங்களும் வருகின்றன. ஆறு வீட்டையும் நீ செய்து தா. நீ செய்வாய் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்” என்று பீர்கிட் ஒரு பையைக் கொடுத்தாள்.

சுலோஜனாவுக்கு வாயெல்லாம் பல். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருடத்தில் கலியாணவீடு, கோயில், சாமத்தியவீடு தவிர வேறெங்கும் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. இப்போது அவள் கையை நம்பி ஒரு கூட்டமே காத்திருக்கிறது. அந்த மேசையைச் சுற்றி நிற்பவர்களில் தானும் ஒருத்தியாகிவிட வேண்டும் என்ற ஆசை அவளைப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினாள். பெட்டி இல்லை, படம் இல்லை, வெறும் துண்டுகள். எடுத்த சுவரெல்லாம் பாதிச் சுவர். கூரைகளில் ஓட்டை. ஒரு துண்டாவது ஒழுங்கான ஓரத்தோடு இல்லை.

“இஞ்சருங்கோ, இதுகள் எல்லாம் உடைஞ்செல்லே கிடக்கு.”

பஸ் ஓட்டிக் களைத்து வந்திருந்த கணவன் ஐங்கரன் எட்டிப் பார்த்தான். “அவ பைக்குள்ள போட்டு நசிச்சிருப்பா. ஒருக்காக் கேளுமன்.”

“கேட்டா நான்தான் உடைச்சுப்போட்டுச் சாட்டுச் சொல்லுறன் எண்டு நினைப்பா. ஏலாது. நானே திருத்திறன்.”

“அப்ப ஏன் என்னைக் கூப்பிட்டனீர்?” என்று அவன் சாப்பிடப் போய்விட்டான்.

உடைந்த பல்லை அவள் அப்படியே விட்டதில்லை, உடைந்த சுவரை மட்டும் விடுவாளா? பசை நிரப்பி, காயவைத்து, மணல்தாளால் தேய்த்து, ஒவ்வொரு சுவரையும் முழு உயரத்துக்குக் கொண்டுவந்தாள். கூரை ஓட்டைகளை அடைத்தாள். கதவுகளுக்குக் கைப்பிடி, ஜன்னல்களுக்குச் சீலை. மழைத்தண்ணீர் வழியும் இடத்தில் பல்லுக்குப் பூசும் அதே சாம்பல் நிறம். நாலு பின்னேரங்களில் ஆறு வீடும் எழும்பி நின்றன. பார்த்த ஐங்கரனே, “வாடகைக்கு விடலாம் போல கிடக்கு” என்றான்.

வியாழக்கிழமை அவற்றைச் சங்கத்து மேசையில் வைத்தாள். பீர்கிட்டின் முகம் தக்காளிப்பழமாகச் சிவந்தது. சங்கத் தலைவர் ஹோர்ஸ்ட் ஒரு கூரையைக் கிளப்பிப் பார்த்தார், அது அசையவில்லை.

“மிக அழகு. ஆனால் வீரர்களை எங்கே நிறுத்துவது?” என்று மெதுவாகக் கேட்டார்.

அது குண்டு விழுந்த ஊராம். துண்டுகள் பிறக்கும்போதே உடைந்துதான் பிறந்தனவாம். கூரை இல்லாவிட்டால்தான் உள்ளே கை விட்டு வீரர்களை நகர்த்தலாம். இதையெல்லாம் அவர் பொறுமையாகச் சொல்லச் சொல்ல, சுலோஜனாவுக்குத் தலை சுற்றியது. முழு வீட்டைச் செய்யத் தெரிந்தவன் உடைந்த வீட்டை ஏன் மினக்கெட்டுச் செய்கிறான்? அதை இவர்கள் ஏன் ஆசையாக வாங்குகிறார்கள்? இனி இவர்கள் தன்னைக் கூப்பிடமாட்டார்கள் என்பது மட்டும் விளங்கியது.

“பரவாயில்லை, உடைத்துவிடலாம்” என்று ஹோர்ஸ்ட் வெட்டுக்குறடு ஒன்றை எடுத்து, முதல் வீட்டின் சுவரைப் பல்லுப் பல்லாக நறுக்கினார். பிறகு கறுப்பு நிறத்தை எடுத்து எரிந்ததுபோல் அப்பினார்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“அப்படி இராது” என்றாள். “இங்கே தாருங்கள்.”

இரண்டாவது வீட்டை இழுத்துக்கொண்டாள். கூரையை அறுத்து எடுத்தாள். சுவரைத் தொடவில்லை. கத்தியால் கதவைக் கழற்றினாள், பிறகு நிலையை, பிறகு ஜன்னல்களை. ஒரு கீறல் விழாமல், மருத்துவர் பல் பிடுங்குவதுபோல் பக்குவமாக. கடைசியில் நாலு சுவரும் வெறும் துவாரங்களுமாக அது நின்றது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

“கூரை சரி. கதவு எரியவில்லை, உடையவில்லை. எங்கே போனது?” என்று ஹோர்ஸ்ட் கேட்டார்.

“ஆட்கள் கொண்டுபோனார்கள்.”

“எதிரிப் படையா?”

“இல்லை. எங்கள் ஆட்கள்.” அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. “தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்துக்குள் படை வந்தபோது ஊரோடு ஓடினோம். ஆறு மாதத்தால் திரும்பிவந்தபோது எங்கள் வீடு இப்படித்தான் நின்றது. நாங்கள் மட்டும் என்ன? போயிருந்த இடத்தில் கொட்டிலுக்குக் கதவில்லை என்று அப்பா யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்தார். நான் ஒரு பக்கம் தூக்கினேன். பச்சைக் கதவு.”

இதை அவள் ஐங்கரனிடம்கூடச் சொன்னதில்லை. வெளியே, கதவைப் பறிகொடுத்த வீட்டுக்காரியாகவே இத்தனை காலமும் இருந்துவிட்டாள். பல் கூடத்துப் பீர்கிட்டுக்கு முன்னால், அதுவும் ஒரு விளையாட்டு மேசையில் ஏன் சொன்னாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒருவர் பகடையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஹோர்ஸ்ட் அவள் வைத்த கத்தியைக் கையில் எடுத்தார். “மற்ற வீடுகளின் கதவுகளையும் கழற்றிவிடட்டுமா?”

இது மரியாதையா, விளையாட்டா? அவளால் பிரித்தறிய முடியவில்லை. ஆனாலும் ஒரு வீட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“இதை விடுங்கள். இதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள்.”

“இந்த விளையாட்டில் படைவீரர்களைத் தவிர யாரும் கிடையாதே” என்றார் அவர், குழம்பிப்போய்.

“தெரியும்” என்றாள் சுலோஜனா. “இவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை.”